உடைந்த போன் பேசிய கன்னடம்

போனை நான் தவறவிடவில்லை. கை நழுவியது, பையிலிருந்து விழுந்தது என்று பின்னால் பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் சமையலறையின் கிரானைட் மேடைமேல் அதை ஓங்கி வைத்தேன். கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கொஞ்சம் சத்தமாக வைப்பது என் வழக்கம். டம்ளராக இருந்தால் நெளிந்திருக்கும். போனாக இருந்ததால் திரை முழுக்க விரிசல் விட்டு, ஒரு முறை பச்சையாக மின்னி, அப்படியே கறுத்துப்போனது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அன்றைக்கு நானே தெரிந்துகொண்டேன். ஏனென்றால் இன்னொரு பெண்ணின் வேலையும், அவர் குடும்பம் தங்கியிருந்த அறையும் அந்தப் போனுக்குள் இருந்த ஒரே ஒரு வீடியோவை நம்பி இருந்தன.

நாங்கள் இருப்பது பெங்களூர் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், வாடகைக்கு. அதன் கேட்டில் பகல் நேரக் காவலுக்கு ஒரு பெண் இருந்தார். செக்யூரிட்டி அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ராய்ச்சூர் பக்கத்துக்காரர். அவர் கணவர் அதே குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்தார். பம்ப் ரூமுக்குப் பின்னால் சின்ன அறையில் அவர்களும், அரசுப் பள்ளியில் படிக்கும் மகளும் இருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். அறை போனால் மகளின் பள்ளிக்கூடமும் பாதியில் நிற்கும்.

அந்த வாரம் ஒரு காலையில் பி பிளாக்கைச் சேர்ந்த ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு, திறந்து கிடந்த கேட் வழியாக ரோட்டுக்கே ஓடிவிட்டது. வாசலில் இளநீர் விற்பவர் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் குடியிருப்பே கொதித்தது. கொதிக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. தப்பு எங்கே வந்தது என்றால், எங்கள் சங்கத்தின் செயலாளர் அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டார். காவலாளியின் பொறுப்பின்மை, மன்னிக்க முடியாத குற்றம், ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னவரே இந்தச் செயலாளர்தான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கணவர் அன்று காலை சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தார். சிரிக்காதீர்கள். அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் ஏனோ கற்றுக்கொள்ளவில்லை. சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். ஆள் நடமாட்டம் கூடுவதற்குள் இறங்கி, பார்க்கிங்கிலிருந்து கேட் வரைக்கும் உருட்டுவார். அன்றைக்கு முதல் முறையாக இரண்டு காலையும் தூக்கி மிதித்தார். நான் போனை நீட்டி வீடியோ எடுத்தேன். அவர் "பிடி! பிடிச்சுக்கோ! விட்டுடாத!" என்று கத்துகிறார். யாரும் பிடிக்கவே இல்லை. ஆட்டம் ஆடி வந்து, சங்கத்தின் செம்பருத்தித் தொட்டிமேல் மோதி, தொட்டியை உடைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் காட்சிக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், செயலாளரின் வெள்ளைக் கார் கேட்டில் நிற்கிறது. கண்ணாடியை இறக்கி அவர் சொல்வது தெளிவாகக் கேட்கிறது: "கேட் ஓப்பனே இர்லி, டூ மினிட்ஸ், பந்துபிட்டே." கேட் திறந்தே இருக்கட்டும், ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று அர்த்தம். செக்யூரிட்டி அம்மா தலையாட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து திறந்த வாசலுக்கு நடுவில் போட்டு உட்காருகிறார். அதோடு வீடியோ முடிகிறது. செயலாளர் வெகுநேரம் திரும்பவில்லை. மேலே தண்ணீர்த் தொட்டி வழிகிறது, மோட்டாரை நிறுத்து என்று மாடியிலிருந்து யாரோ கத்த, செக்யூரிட்டி அம்மா எழுந்து ஓடினார். அந்த இடைவெளியில்தான் குழந்தை வெளியே போனது.

கேட் கேமரா பல மாதமாக வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி அம்மா உள்ளதைச் சொன்னார். செயலாளர் "நான் மூடச் சொன்னேன்" என்றார். யார் பேச்சு எடுபடும்?

அந்த வீடியோ என் போனில் மட்டும்தான் இருந்தது. யாருக்கும் அனுப்பக்கூடாது என்று என் கணவர் சத்தியம் வாங்கியிருந்தார். தொட்டி உடைந்தது யாரால் என்று சங்கத்துக்கு இன்னும் தெரியாது. அதற்கும் ஒரு அறிவிப்பு குழுவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றபடி, படங்கள் தானாகப் போய்ச் சேரும் இணையக் கணக்கு நிரம்பிவிட்டது என்று போன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் ஒரு வருடமாக அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை பொறுக்க முடியாமல் குழுவில் எழுதினேன். கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னது யார் என்பதற்கு என்னிடம் வீடியோ இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்று. உடனே செயலாளரிடமிருந்து பதில் வந்தது. பொதுக்கூட்டத்தில் வாடகைக்காரர்களுக்கு இடமில்லை, இருந்தாலும் அப்படி ஒரு வீடியோ இருந்தால் அதைக் காட்ட மட்டும் அனுமதிக்கிறேன், வதந்தி பரப்பவேண்டாம் என்று. கீழே கைகூப்பும் பொம்மை வேறு.

அந்தக் கைகூப்பைப் பார்த்துத்தான் போனை ஓங்கி வைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். நான் வாயாலும் கெட்டு, கையாலும் கெட்டேன்.

"நல்லா இருக்கு. வீடியோ இருக்குன்னு ஊருக்கே சொல்லிட்டு, வீடியோவ நீயே உடைச்சுட்ட" என்றார் என் கணவர்.

"வீடியோ உடையல. கண்ணாடிதான் உடைஞ்சுது" என்றேன். அது வீம்புக்குச் சொன்னது. ஆனால் சொன்ன பிறகுதான் யோசித்தேன், அது உண்மையும்கூட. அடுத்த நாள் காலை அலாரம் வழக்கம்போல அடித்தது. திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல் பட்ட இடத்தில் போன் லேசாக அதிர்ந்தது. பக்கத்துப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தால் பூட்டுத் திறக்கும் 'டிக்' சத்தமும் வந்தது. உயிர் இருந்தது, தொட்டால் தெரிந்தது, முகம் மட்டும் இல்லை.

சனிக்கிழமை கடை திறந்ததும் மெயின் ரோட்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். புதுத் திரை செவ்வாய்க்கிழமைதான் வருமாம். அதைப் பொருத்தும்போது உள்ளே இருப்பதற்குத் தன்னால் கேரண்டி தர முடியாது என்றும் கடைக்காரர் சொன்னார். ஞாயிறு தாண்டி செவ்வாய் வந்து எனக்கு என்ன பிரயோஜனம்? போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

லிஃப்டில் செயலாளர் ஏறினார். அவரும் தமிழர்தான். கோயம்புத்தூர்ப் பக்கம். என் கணவர் யாரிடமோ உளறியது அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"போன் உடைஞ்சு போச்சாமே, அடடா" என்றார். முகத்தில் அடடாவே இல்லை. "விடுங்கம்மா. ஏஜென்சிக்காரன் அந்தம்மாவுக்கு வேற எடம் குடுத்துருவான். நாமெல்லாம் தமிழ் ஆளுங்க. வெளியூர்ல வந்து பொழைக்கிறோம். ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் குடுத்துக்க வேண்டாங்களா?"

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. ராய்ச்சூரிலிருந்து வந்தவரும் வெளியூரில் வந்து பிழைப்பவர்தானே? "விட்டுக் குடுக்கறது வேற, காட்டிக் குடுக்கறது வேற சார்" என்றேன். கையில் ஒன்றும் உடைகிற மாதிரி இல்லாதது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். நான் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அதனால் போனைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நினைப்பு. எனக்குத் தெரிந்தது வயரைச் செருகுவது மட்டும். செருகினேன். கணினியில் போனின் பெயர் வந்தது. ஆசையாகத் திறந்தால் உள்ளே காலி. ஒரு படம், ஒரு பாட்டு, ஒரு தூசி இல்லை.

இணையத்தில் தேடினேன். போனின் திரையை அப்படியே கணினியில் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. சுட்டியால் கணினியில் தட்டினால் போனில் தட்டியது மாதிரி. ஆகா என்று ஒன்றை இறக்கினேன். அதற்கு முதலில் போனில் போய் அனுமதி கொடுக்க வேண்டுமாம். போனில் போக முடிந்தால் நான் ஏன் உன்னிடம் வருகிறேன்? பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

கோப்புகளை மட்டும் எடுப்பதற்கும் அதே சங்கடம்தான். வயர் செருகியதும் போன் தன் பாட்டுக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றும். கோப்புகளைக் கணினிக்குக் காட்டலாம் என்று நாம் திரையில் தொட்டுச் சொன்னால்தான் கதவு திறக்கும். அதைத் தொடுவது எந்த இடத்தில் என்பதுதான் தெரியாது. ஒரு மணி நேரம் கறுப்புக் கண்ணாடியில் குத்துமதிப்பாகத் தட்டிப் பார்த்தேன். என் அக்காவுக்கு ஒரு போன் போனது. அவ்வளவுதான் பலன்.

பிறகு ஒரு யோசனை கண்ணில் பட்டது. கண் தெரியாதவர்களுக்காக எல்லாப் போன்களிலும் ஒரு வசதி இருக்கிறது. சத்தம் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், போன் பேச ஆரம்பிக்கும். விரல் எதன்மேல் படுகிறதோ அதைப் படித்துச் சொல்லும். இரண்டு முறை தட்டினால் அதைத் திறக்கும். அழுத்திப் பிடித்தேன். போன் உறுமி, ஒரு பெண் குரல் கணீரென்று பேசியது.

கன்னடத்தில்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். போன வருடம் ஒரு நாள் என் கணவர், "இத்தன வருஷம் பெங்களூர்ல இருக்க. எஷ்டுன்னு கேப்ப, பேடான்னு சொல்லுவ. எவ்ளோ, வேணாம். அவ்ளோதான் உன் கன்னடம்" என்று கேலி செய்தார். நான் ஆம்பூர்க்காரி. எங்களைக் கேலி செய்தால் பதில் செயலில்தான் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து போனின் மொழியைக் கன்னடத்துக்கு மாற்றினேன். தினமும் பார்த்தால் தானாக வந்துவிடும் என்று. வரவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் வந்தது. நாலாம் நாளே தமிழுக்குத் திரும்பப் பார்த்தேன்; மொழி மாற்றும் இடம் எந்தப் பெயரில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவரிடம் கேட்டால் மானம் போகும். அப்படியே விட்டுவிட்டேன். படங்களையும் இடத்தையும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டியாயிற்று.

இப்போது படமும் இல்லை, இடமும் இல்லை, குரல் மட்டும். அதுவும் சந்தையில் கேட்கும் கன்னடமா? செய்தி வாசிக்கிற கன்னடம். விரலை வைத்தால், "ஸக்ரியகொளிஸலு எரடு பாரி டேப் மாடி" என்கிறது. மூச்சு விடாமல் சொல்கிறது. நான் ஒரு வார்த்தையைப் பிடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

"இப்பவாச்சும் சொல்லு. உனக்குப் புரியுதா?" என்றார் கணவர்.

"எரடு புரியுது. ரெண்டு" என்றேன். அவர் சிரித்த சிரிப்புக்கு இன்னொரு போன் உடைந்திருக்க வேண்டும். அவருக்கும் இதற்குமேல் தெரியாது என்பது வேறு விஷயம். நான் லேப்டாப்பையும் போனையும் வயரோடு சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கன்னடம் புரிகிற, இந்த வீடியோ என்னைவிட அதிகம் தேவைப்படுகிற ஒருவர் கேட்டில்தானே உட்கார்ந்திருக்கிறார்!

செக்யூரிட்டி அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கண் வீங்கியிருந்தது. "நந்து தப்பில்ல்ரீ அக்கா" என்றார். என் தப்பில்லை அக்கா என்று. அவர்கள் பக்கத்துக் கன்னடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ரீ' உண்டு.

தெரியும், அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று என் உடைந்த தமிழ்க் கன்னடத்தில் சொல்லி, காவல் அறையின் மேசையில் லேப்டாப்பை வைத்தேன். விஷயம் புரிந்ததும் அவர் முகம் மாறியது. முந்தானையால் கண்ணை அழுந்தத் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போன் பக்கம் காதைக் கொடுத்தார்.

முதல் வரி வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருக்கும் புரியவில்லை!

"யாரு அக்கா இவ? சாமி மந்திரம் மாதிரி பேசறா" என்றார். எங்கள் குடியிருப்பில் வேலை பார்த்து அவருக்குத் தமிழ் ஓரளவு பழக்கம். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். வேலை போகப்போகிறது என்று வீங்கிய கண்ணோடு ஒருவர் சிரிப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த நிமிடமே எனக்குப் பயம் போய்விட்டது.

மேலிருந்து இரண்டு விரலால் திரையைக் கீழே இழுத்தேன். அறிவிப்புகள் அங்கேதான் வரும் என்பது என் விரலுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒன்று பால் கணக்கு, ஒன்று யாருக்கோ பிறந்தநாள். அவர் கேட்டுக் கேட்டு, "இதல்ல, முந்தெ ஹோகி" என்பார். இது இல்லை, அடுத்ததுக்குப் போங்கள். நான் அடுத்ததற்குப் போவேன். நடுவில் டெலிவரி வண்டி ஹாரன் அடிக்கும். அவர் எழுந்து போய்க் கேட்டைத் திறந்து, வண்டியை விட்டு, கேட்டை மூடித் தாழ் போட்டுவிட்டு வருவார். அதற்குள் போன் தூங்கிவிடும். மறுபடியும் கட்டைவிரல், மறுபடியும் டிக், மறுபடியும் மேலிருந்து இழுப்பு.

"கேட்ட கொஞ்சம் அப்படியே விட்டுட்டு வாங்களேன்" என்று ஒரு முறை பொறுமை இழந்து சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அந்த வரி வந்தது. "ஈ சாதனவன்னு யு.எஸ்.பி. மூலக சார்ஜ் மாடலாகுத்திதெ." அவர் உதட்டைப் பிதுக்கினார். சாதனவா, அது என்ன என்றார். ஆனால் சாதனம் என்றால் எனக்குத் தெரியுமே! தமிழில் தினமும் செய்தித்தாளில் வருகிற வார்த்தை. இந்தக் கருவிக்கு வயர் வழியாகச் சார்ஜ் ஏறுகிறது என்கிறாள். "இதுதான்! இதேதான்!" என்று கத்தினேன். இரண்டு முறை தட்டினேன். ஒரு பட்டியல் திறந்தது, தொட்டுக்கொண்டே போனேன். இப்போது எனக்குப் புரியாத வரியாக வந்தது. "ஃபைல் வர்காவணெ" என்றது குரல்.

செக்யூரிட்டி அம்மா மேசையைத் தட்டினார். "வர்காவணெ! டிரான்ஸ்ஃபர் ரீ அக்கா! எங்க ஊர் மாஸ்டருக்கு ஆச்சு, வேற ஊருக்குப் போனாரு."

கோப்புகள் வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை தட்டினேன்.

லேப்டாப் 'டிங்' என்றது. காலியாகக் கிடந்த ஜன்னலில் மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள் வந்து நின்றன. கேமரா என்று ஒன்று. அதைத் திறந்தால் என் ஒரு வருடம் முழுவதும் வரிசையாக வந்து விழுந்தது: சமையல், துணி, லிஃப்டில் எடுத்த என் மூஞ்சி, கடைசியில் சைக்கிள்மேல் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் என் கணவர். அவரை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை. போன் மறுபடி தூங்கிவிடாமல் கட்டைவிரலைப் பொத்தானை விட்டு எடுக்காமல், இடது கையால் அந்த ஒரு கோப்பை இழுத்து லேப்டாப்பில் போட்டேன். பச்சைக் கோடு நகர்ந்தது, நகர்ந்தது, முடிந்தது.

ஓட்டிப் பார்த்தோம். தொட்டி உடையும் இடத்தில் செக்யூரிட்டி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அடுத்து "டூ மினிட்ஸ், பந்துபிட்டே" என்ற குரல் வந்தது. அவர் குலுங்குவது நின்றது. திரையில் தன்னையே, தான் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போடுவதையே பார்த்தார். "நோட்ரீ" என்றார் மெல்ல. பாருங்கள் என்று. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, எல்லோரிடமும் சொன்ன மாதிரி இருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் கத்திய கத்தலில் இளநீர்க்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

என் கன்னடத்தைப் பற்றி வீட்டில் இனி ஒருவர் பேச முடியாது என்று நினைத்துக்கொண்டே மாடிப்படியிலேயே ஏறினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வென்றவள் நடை என்று ஒன்று உண்டு, அது அன்று எனக்கு வந்தது.

கணவரிடம் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். பிறகு, "பின்னாடி இருக்கறத மட்டும் வெட்டிக் காட்ட முடியாதா?" என்று கேட்டார். வெட்டினால் நாங்கள் ஏதோ செய்துவிட்டோம் என்று செயலாளர் சொல்வார் என்றேன். கொஞ்ச நேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் பிடி பிடி என்று கத்தி விழுவது சும்மா இல்லை. தொட்டி வேறு.

"சரி, காட்டு. நான் விழுந்தத மறைக்கறதுக்கு அந்தம்மா ஏன் போகணும்" என்றார். சைக்கிள் ஓட்டத் தெரியாத மனிதர்தான், ஆனால் அன்று எனக்கு அவரைப் பார்த்தால் பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் ஹவுஸ் ஹாலில் கூட்டம். வாடகைக்காரர்களாகிய எங்களுக்கு நாற்காலி இல்லை, சுவரோரம் நின்றோம். செக்யூரிட்டி அம்மா கதவுக்கு வெளியே, சீருடையில். தாழ் போட்ட கேட்டைப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் நின்றார். செயலாளர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "வீடியோ கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்று தமிழிலேயே கேட்டார். போன் உடைந்தது ஹாலில் பாதிப் பேருக்குத் தெரியும். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். லேப்டாப்பை டி.வி.யோடு இணைத்து ஓடவிட்டேன்.

ஹால் சிரித்தது. வயிறு குலுங்கச் சிரித்தது. என் கணவர் பெரிய திரையில் ஆடி ஆடி வந்து தொட்டிமேல் விழுந்தபோது கைதட்டல்கூட எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில் சரியாக, எல்லோருக்கும் பழகிய குரல் டி.வி.யிலிருந்து வந்தது. கேட் ஓப்பனே இர்லி. திரையில் ஒரு பெண் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

செயலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப அந்தத் தொட்டிய ஒடச்சது நீங்கதானா?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

என் கணவர் சுவரிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். காது சிவந்திருந்தது. "ஆமா சார். நான்தான் ஒடச்சேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். புதுசு வாங்கி வெச்சுடறேன்" என்றார். பிறகு அதையே ஆங்கிலத்திலும் எல்லோருக்கும் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. பி பிளாக் குழந்தையின் அம்மா எழுந்து நின்று செயலாளரைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமி, ஏதோ தவறான புரிதல், இந்த விஷயத்தை இதோடு முடித்துக்கொள்ளலாம், அந்த அம்மா வேலையில் தொடரட்டும் என்று ஆங்கிலத்தில் மளமளவென்று சொல்லிவிட்டு, அடுத்த விஷயத்துக்குத் தாளைப் புரட்டினார். எனக்கு வாய் துறுதுறுத்தது. திறக்கப்போனேன். அதற்குள் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அவ்ரு ஹேளித்ரல்ரீ. ஈக நீவு ஹேள்ரீ ஸார்."

தொட்டியை உடைத்தேன் என்று அவர் சொன்னாரே, இப்போது நீங்கள் சொல்லுங்கள் சார். செக்யூரிட்டி அம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் தப்பு என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினீர்களே, எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்றார்.

செயலாளர் தாளைப் பார்த்தார். தாளில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார், நானும் தமிழ் ஆள்தானே. நான் டி.வி.யில் நின்றுகொண்டிருந்த அவருடைய வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் எழுந்து நின்று, கன்னடத்தில், அந்த அம்மாவைப் பார்த்தே சொன்னார்: "நானே ஹேளித்தே. நிம்து தப்பில்ல." நான்தான் சொன்னேன். உங்கள் மேல் தப்பில்லை. இதற்கு ஹாலில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

செக்யூரிட்டி அம்மா தலையை ஒரு முறை ஆட்டினார். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "பந்தே", இதோ வந்துவிட்டேன் என்று லாரிக்காரருக்குக் குரல் கொடுத்துக்கொண்டே போனார். கேட் திறந்தது. லாரி உள்ளே வந்தது. பிறகு கேட் மூடித் தாழ் விழும் சத்தம், கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.